தடுப்பூசியும் தவக்குலும்

எல்லாப் புகழும் ஏக நாயனாம் அல்லாஹ் ஜல்லஷானுஹு வதஆலா ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தின் அருட்கொடையாம் அண்ணல் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூத் கிரந்தத்தில் அது பதிவாகியுள்ளது. ஸஹாபாக்களில் சிலர் பிரயாணத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் உண்டாயிற்று. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. காயத்தோடு இருக்கும் தமக்குத் தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் விசாரித்தார். தண்ணீர் கிடைக்கும்போது சலுகை ஏது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மவ்த்தாகிவிட்டார். செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் கடும் வேதனையுற்றார்கள். சொன்னவர்களே அந்த மனிதரைக் கொன்றுவிட்டதாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்று வினவினார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என்று உபதேசித்தார்கள்.

சற்றே சிந்தியுங்கள். அவ்வாறு பதில் சொன்னவர்கள் தீனுக்கு விரோதிகளா? இல்லை. மார்க்கச் சட்டம் தவறிவிடக் கூடாதே என்னும் பேணுதலில்தான் சொன்னார்கள். ஆனால் காயத்தின் தன்மை அறியாமல் சொன்ன ஒரு சொல், ஓர் உயிரைக் கொண்டு போய்விட்டது. நல்ல நிய்யத் மட்டும் போதாது. விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஹதீஸை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் இல்லங்களில் இன்றுவரை பேசப்பட்டு வரும் ஒரு பிரச்சினையைப் பார்ப்போம்.

2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தது. ஹரம் ஷரீபில் தவாஃப் செய்யும் இடமே வெறிச்சோடியதைக் கண்டு நாம் கண்ணீர் வடித்தோம். அவ்வாண்டின் இறுதியில் தடுப்பூசிகள் வந்தன. அவற்றில் சில, மரபணுச் செய்தியைக் கொண்டு வேலை செய்யும் புதிய வகையைச் சேர்ந்தவை. "மரபணு" என்ற சொல்லைக் கேட்டதுமே பலர் கலங்கினர். இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றிவிடும் என்றார் ஒருவர். பிள்ளைப் பேறு அற்றுப் போகும் என்றார் இன்னொருவர். ஊசி போட்டுக்கொள்வது தவக்குலுக்கு மாற்றம் என்றார் மூன்றாமவர். கைப்பேசி வழியாக இவை வீட்டுக்கு வீடு பரவின.

2023 மே 5 ஆம் தேதி, கொரோனா நெருக்கடி நிலை முடிவுற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் அந்த அச்சம் முடியவில்லை. இப்போது அது குழந்தைகளுக்குப் போடும் தட்டம்மை ஊசி மீதும் போலியோ சொட்டு மருந்து மீதும் படர்கிறது. மேலும், அதே மரபணு முறையில் வேறு நோய்களுக்கும் மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. முதியவர்களின் நுரையீரலைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு எதிரான அத்தகைய ஊசிக்கு 2024 மே மாதம் அமெரிக்கா அனுமதி வழங்கிவிட்டது. புற்றுநோய்க்கும் சோதனைகள் நடைபெறுகின்றன. ஆகவே இக்கேள்வி நம் வாசலுக்கு மீண்டும் வரும். அதற்குள் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

உடலுக்குள் நடப்பது என்ன?

நமது ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரை எண்ணிப் பாருங்கள். அது பள்ளிவாசல் அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒருவருக்குத் தேவைப்பட்டால் அதிலுள்ள ஒரு விவரத்தை மட்டும் ஒரு சீட்டில் நகல் எடுத்துக் கொடுப்பார்கள். தஃப்தர் அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை. சீட்டு வெளியே போய் வேலையை முடிக்கும். பிறகு கிழிந்து போகும்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான வகை உயிரணுக்களுக்குள் உட்கரு என்னும் அலமாரி இருக்கிறது. தாய் வழியும் தந்தை வழியும் வந்த விவரமெல்லாம் எழுதப்பட்ட தஃப்தர் அதற்குள் உள்ளது, அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். உடலுக்கு ஒரு புரதம் தேவைப்படும்போது அந்தப் பகுதி மட்டும் நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகல் சீட்டுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அது உட்கருவை விட்டு வெளியே வந்து, ரைபோசோம் என்னும் பட்டறையில் வாசிக்கப்படுகிறது, புரதம் உருவாகிறது. வேலை முடிந்ததும் சீட்டு சிதைந்துவிடுகிறது. 1961 ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள். நாம் உறங்கும்போதும், உண்ணும்போதும், ஸஜ்தாவில் இருக்கும்போதும் நமக்குள் இது நடந்துகொண்டே இருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்!

இப்போது ஊசிக்கு வருவோம். கொரோனா வைரஸின் மேற்புறத்தில் முள் போன்ற புரதம் உள்ளது. அதைக் கொண்டுதான் அது நமது உயிரணுக்குள் நுழைகிறது. ஃபைஸர், மாடர்னா ஆகிய ஊசிகளில் வைரஸ் கிடையாது. அந்த முள்ளை மட்டும் செய்வதற்குரிய சீட்டு, கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிக்குள் பொதியப்பட்டிருக்கிறது. புஜத்தின் தசையில் அதைச் செலுத்துகிறார்கள். அங்குள்ள உயிரணுக்கள் சீட்டைப் படித்து முள்ளைச் செய்கின்றன. உடனே நம் இரத்தத்திலுள்ள காவல் அணுக்கள், இது நம் வீட்டுப் பொருள் அல்லவே என்று விழித்துக்கொள்கின்றன. அதற்கு எதிரான ஆயுதங்களைத் தயாரிக்கின்றன. அவற்றில் சில, எதிரியின் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றன. சீட்டு அழிந்து போகிறது; ஞாபகம் நிற்கிறது. பின்னர் மெய்யாகவே நோய் வந்தால், உடல் அசந்திருக்கும்போது அகப்பட்டுக்கொள்வதில்லை.

திருடன் வரப்போகும் செய்தியையும் அவன் அங்க அடையாளத்தையும் முன்கூட்டியே ஊர்க் காவலர்களிடம் சொல்லி வைப்பது போன்றதே இது. சொல்லி வைத்தவன் சண்டையிடுவதில்லை. சண்டையிடுவது காவலர்கள். ஊசி செய்தி சொல்கிறது; போராடுவது அல்லாஹ் நமக்குள் படைத்து வைத்திருக்கும் படை!

அந்தச் சீட்டு உட்கருவுக்குள் நுழைவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். அலமாரிக்கே போகாத சீட்டு தஃப்தரை எப்படித் திருத்தும்?

நம் நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு சற்று வேறு விதமானது. சிம்பன்ஸிக் குரங்குகளுக்குச் சளி உண்டாக்கும் ஒரு வைரஸைப் பெருக முடியாதபடி முடக்கி, அதற்குள் முள்ளின் விவரத்தை வைத்து அனுப்பினார்கள். அந்த விவரம் உட்கரு வரை செல்கிறது. ஆயினும் நமது தஃப்தரோடு சேர்த்துத் தைக்கப்படுவதற்காக அது அமைக்கப்படவில்லை. அலமாரியில் வைத்த ஒரு தனித்தாள் போன்றது அது. அஹமதாபாத் நிறுவனம் ஒன்று தயாரித்து 2021 ஆகஸ்ட் 20 ஆம் தேதி இந்திய அரசின் அனுமதி பெற்ற ஸைகோவ்-டி என்பதும், மனிதர்களுக்கென அனுமதிக்கப்பட்ட உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பு மருந்தாகும். கோவாக்ஸின் என்பதோ, கொல்லப்பட்ட வைரஸைக் கொண்டு பழைய முறையில் தயாரிக்கப்பட்டது.

யார் செய்த சூழ்ச்சி?

இது முஸ்லிம்களுக்கு எதிரான சதி என்றும் சிலர் பேசினார்கள். ஃபைஸர் ஊசியின் மூலத்தை உருவாக்கியது ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள பயோன்டெக் நிறுவனம். 2008 இல் அதை நிறுவியவர்களில் முக்கியமானோர் உகுர் ஷாஹின், ஓஸ்லெம் துரெஜி என்னும் தம்பதியர். இருவரும் துருக்கியரின் பிள்ளைகள். துருக்கியில் பிறந்த ஷாஹின் சிறு பிள்ளையாக ஜெர்மனிக்கு வந்தவர். அவருடைய தந்தை கொலோன் நகரில் மோட்டார் தொழிற்சாலைத் தொழிலாளி. இந்த ஊசிகளுக்கு வழி திறந்த ஆராய்ச்சியை 2005 இல் வெளியிட்ட கத்தலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன் ஆகிய இருவரும் 2023 இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இன்னும் பின்னே சென்றால், பெரியம்மைக்கு அம்மைப் பால் குத்திக்கொள்ளும் வழக்கத்தை உஸ்மானிய தேசத்துப் பெண்களிடம் கண்டுதான், அங்கிருந்த பிரிட்டிஷ் தூதரின் மனைவி மேரி மாண்டேகு 1718 இல் தம் மகனுக்கு அதைச் செய்வித்தார். பிறகு இங்கிலாந்திலும் அதைப் பரப்பினார். ஜென்னர் அம்மைத் தடுப்பு முறையைக் கண்டது அதற்கும் பின்னர், 1796 இல்தான். வீண் பெருமைக்காக நான் இதைச் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்கள் கையில் இருந்த ஒரு நன்மையை அன்னியர் சதி என்று அஞ்சி ஓடுவது எவ்வளவு பரிதாபம்!

படைப்பை மாற்றுவதா?

மனிதர்களை ஏவி அல்லாஹ்வின் படைப்பை மாற்றச் செய்வேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததாக ஸூரத்துந் நிஸாவின் 119 ஆவது ஆயத்தில் வருகிறது. தடுப்பூசியை மறுப்போர் இந்த ஆயத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். முஃபஸ்ஸிர்கள் இதற்கு என்ன விளக்கம் தந்தார்கள்? அல்லாஹ்வின் தீனை மாற்றுவது என்று ஒரு சாரார் கூறினர். பச்சை குத்துதல், பிராணிகளைச் சிதைத்தல் போன்றவை என்று மற்றொரு சாரார் கூறினர். நோய்க்கு மருந்து செய்வதை இந்த ஆயத்தின் கீழ் அவர்கள் சேர்க்கவில்லை. உடலில் செய்யும் மாறுதலெல்லாம் ஹராம் என்றால் கத்னா எப்படி ஸுன்னத்தாகும்? யுத்தமொன்றில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்கு செய்து வைத்துக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் உண்டாகவே, தங்கத்தால் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே பணித்தார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கம்! நிவாரணத்துக்காக அனுமதி கிடைத்தது.

மரபணு விஷயத்தில் எல்லாம் ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. 1998 இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, நோய் தீர்க்கவும் தடுக்கவும் இக்கலையைப் பயன்படுத்தலாம் என்று கூறியது. மனிதனின் தனித்தன்மையோடு விளையாடுவதற்குத் தடை விதித்தது. கருவின் தஃப்தரையே திருத்தி வமிசத்தை மாற்ற முனைவது வேறு விஷயம். அதற்கு வேறு ஹுக்மு. ஒரு சீட்டு அனுப்புவதையும் தஃப்தரைத் திருத்துவதையும் ஒன்றாகப் பேசுவது நீதியாகாது.

மருந்தில் ஹராமான பொருள் கலந்திருக்குமோ என்று கேட்பது ஈமானுள்ளவரின் நியாயமான கேள்வி. தங்கள் ஊசிகளில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் எதுவும் இல்லை என்று ஃபைஸர், மாடர்னா நிறுவனங்கள் அறிவித்தன. அஸ்ட்ரா ஜெனெகா ஊசியின் தயாரிப்பில் அத்தகைய பொருள் பயன்பட்டதாக 2021 மார்ச் மாதம் இந்தோனேஷிய உலமா சபை கூறியது. நிறுவனம் அதை மறுத்தது. அப்போதும்கூட, நிர்ப்பந்த நிலையைக் கருதிப் போட்டுக்கொள்ளலாம் என்றே அச்சபை தீர்ப்பளித்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா சபையும் 2020 டிசம்பரில் இவ்வாறே தீர்ப்பளித்திருந்தது. தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்று 2021 ரமளானுக்கு முன்பே அன்றைய சவூதி முஃப்தி அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு 60,000 பேர் மட்டும் அனுமதிக்கப்பட்டபோது, ஊசி போட்டிருப்பது ஒரு நிபந்தனையாகவே இருந்தது.

தவக்குல் என்பது எது?

நாயகம் (ஸல்) அவர்களை விடத் தவக்குலில் உயர்ந்தவர் யார்? அவர்கள் உஹதுக் களத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள். அம்பு வந்து தைத்த பிறகா அணிந்தார்கள்? வருமுன்பே அணிந்தார்கள்! காலையில் ஏழு அஜ்வாப் பேரீச்சம் பழங்களை உண்பவரை அன்றைய தினம் நஞ்சும் சூனியமும் தீண்டா என்று அவர்கள் அறிவித்ததைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அதுவும் வருமுன் காத்தல் அல்லவா? மருந்தும் தற்காப்பும் அல்லாஹ்வின் விதியைத் தடுத்துவிடுமா என்று ஒருவர் கேட்டபோது, அவையும் அல்லாஹ்வின் விதியில் உள்ளவையே என்று பதில் தந்தார்கள்.

அம்வாஸ் கொள்ளை நோயின்போது ஷாம் தேசம் நோக்கிச் சென்ற ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னும் இடத்திலிருந்தே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையிறுத்தார்கள். அந்த அபூ உபைதா (ரலி) அவர்கள் அதே நோயில் ஷஹீதானார்கள். முன்னவரின் தற்காப்பில் தவக்குல் குறையவில்லை. பின்னவரின் மவ்த்தில் ஈமான் குறையவில்லை.

ஒரு சகோதரியின் கேள்வி

பெண்கள் பயான் ஒன்று முடிந்த பின் திரைக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரி கேட்டார்: "ஹஜ்ரத், எங்க மாமியா ஊசி போட மாட்டேன்னுட்டாங்க. அது ஹராம்னு யாரோ சொல்லிட்டாங்களாம். நானும் கட்டாயப்படுத்தல. அந்த நோயிலேயே மவ்த்தாயிட்டாங்க. அல்லாஹ் என்னைக் கேட்பானா?"

இத்தகைய பாரத்தை நெஞ்சில் சுமப்போர் நம்மில் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்கிறேன். அஜல் வந்துவிட்டால் ஒரு நொடி முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது. மருந்து செய்துகொள்வது பொதுவாக ஸுன்னத் என்றே நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் எழுதியுள்ளார்கள். ஹனஃபி இமாம்களும் மருந்தை விட்டவரைப் பொதுவாகப் பாவி என்று சொல்லவில்லை. கொள்ளை நோயில் இறந்த முஃமினுக்கு ஷஹாதத்தின் அந்தஸ்து உண்டு என்னும் நபிமொழியை நினைத்து, மறைந்தவர்களுக்கும் அது கிடைக்க நாம் ஆதரவு வைக்கிறோம். ஆகவே அந்தச் சகோதரி மனம் ஒடிய வேண்டாம். மாமியாருக்காக துஆ செய்யட்டும்.

ஆனால் "ஹராம்" என்று சொன்னாரே அந்த "யாரோ", அவர் நிலை என்ன? மருத்துவம் தெரியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவித்தவனே அதற்குப் பொறுப்பாளி என்று ஹதீஸ் இருக்கிறது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் ஆணையிடுகிறது. ஒரு விரலால் தட்டி நூறு வீடுகளுக்கு வதந்தியை அனுப்பியவர், அதில் எத்தனை வீடுகளில் ஒரு நோயாளி கதவைச் சாத்திக்கொண்டார் என்பதை அறிவாரா? அறியமாட்டார். அல்லாஹ் அறிவான்! அன்று தலைக்காயம் பட்டவருக்குப் பதில் சொன்னவர்கள் ஒரே ஒரு மனிதரிடம்தான் சொன்னார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஊசியால் தொந்தரவே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கை வலி, காய்ச்சல் பலருக்கு வந்தது. மிக அரிதாகச் சிலருக்குக் கோவிஷீல்டு வகையால் இரத்தம் உறைந்தது. ஃபைஸர், மாடர்னா வகையால் இளைஞர் சிலருக்கு இதயத் தசை அழற்சி கண்டது. இவற்றைக் கண்டுபிடித்து வெளியிட்டவர்களும் மருத்துவர்களே. சில நாடுகளில் வயதுக்கேற்ப ஊசியை மாற்றினார்கள். அறிவு தன்னைத் திருத்திக்கொள்ளும். வதந்தி ஒருபோதும் தன்னைத் திருத்திக்கொள்வதில்லை. ஆகையால் ஒவ்வாமையோ பழைய நோயோ உள்ளவர்கள் தம் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லிக் கேட்டுச் செய்யட்டும். சந்தேகப்படுவது குற்றமல்ல, கேளாமல் முடிவு சொல்வதுதான் குற்றம்.

போலியோ சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்தில் பல முஸ்லிம் குடும்பங்களைத் தடுத்து வைத்திருந்தது. அங்கே உலமாக்கள் முன்வந்து மக்களிடம் எடுத்துரைத்தார்கள். பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் காணப்பட்டார். 2014 மார்ச் 27 ஆம் தேதி நம் தேசம் போலியோ ஒழிந்த நாடாகச் சான்று பெற்றது. அன்று சொட்டு மருந்து குடித்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகித் தொட்டில் ஆட்டுகிறார்கள். வதந்திக்கு அந்தத் தொட்டிலே பதில்!

மூத்த ஆலிம் பெருமக்களுக்குப் போதிக்க இளையவனாகிய நான் வரவில்லை. நம் மிம்பரிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை நாம் அறிவோம். உடல் பற்றிய மஸ்அலா வந்தால், கிதாபைத் திறக்கும் கையோடு ஊரிலுள்ள ஒரு நல்ல மருத்துவரையும் அழைத்து விவரம் கேட்போம். வீட்டுத் தலைவர்களே, கைப்பேசியில் வந்ததை உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுமுன், இது யார் சொன்னது, அவருக்கு இதில் என்ன இல்மு என்று கேளுங்கள். தாய்மார்களே, குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தவணை தவறியிருந்தால் இந்த வாரமே சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். பிஸ்மி சொல்லி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஷிஃபாவை அல்லாஹ்விடம் கேளுங்கள். மருந்து சபபு, குணம் அளிப்பவன் அவன் ஒருவனே!

யா அல்லாஹ்! அறியாததைக் கேட்டறியும் பணிவை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் நாவினாலும் கைகளினாலும் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! நோயில் மரித்த எங்கள் பெற்றோர்க்கும் உற்றார்க்கும் ஷஹீதுகளின் பதவியை அருள்வாயாக! எங்கள் சந்ததிகளுக்கு ஆஃபியத்தான வாழ்வை நல்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.